மிஸ்ஸிங் அடித்த ஆக்டேவியா ஆர்எஸ்ஸும் 600 ரூபாய் ஓபிடி டாங்கிளும்

காரில் செருகினால் அதன் கம்ப்யூட்டர் குறித்துவைத்த கோளாறுகளைப் போனில் காட்டும் ஓபிடி டாங்கிளை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில்: வாங்கலாம். பழைய கார், அதிலும் கொஞ்சம் வேகமான பழைய கார் வாங்க அலைகிறவர்கள் காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே இதை வாங்கிவிடலாம். ஆனால் இது தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் டப்பா. மெக்கானிக் இல்லை. எந்த சிலிண்டர் ஒழுங்காக வெடிக்கவில்லை (இதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம்) என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. அந்த 'ஏன்' நம் கையில்தான் இருக்கிறது.

நான் வாங்கியது பிராண்டு பெயரே இல்லாத நீல நிற புளூடூத் டாங்கிள். ஆன்லைனில் ஏறக்குறைய 600 ரூபாய். மேலே 'இஎல்எம் 327, வி1.5' என்று அச்சடித்திருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இஎல்எம் 327 என்பது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப். அவர்கள் முதலில் விட்ட பதிப்பில் நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு போடவில்லை, உலகம் முழுக்க நகல் பரவிவிட்டது. 1.5 என்ற பதிப்பை அவர்கள் வெளியிடவே இல்லை. ஆக என் கையில் இருப்பது, இல்லாத பதிப்பின் நகல்! நிறுவனமும் 2022-இல் கடையை மூடிவிட்டது. நகல்கள் மட்டும் சௌக்கியமாக இருக்கின்றன.

கார், 2017 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். அந்த வருடம் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 24.62 லட்சம், அதுவும் குறைந்த எண்ணிக்கையில்தான் விற்றார்கள். 'நாலு கதவு, இவ்வளவு பெரிய டிக்கி, இதை எப்படிங்க ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்றீங்க' என்பது வீட்டில் கேட்ட கேள்வி. ஓட்டிப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. முன்பு வைத்திருந்தவர் ரீமேப் செய்திருந்தார். அதாவது ஈசியுவின் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மென்பொருளை மாற்றி, டர்போ அழுத்தத்தைக் கூட்டி, கூடுதல் பவர் எடுத்திருந்தார். இந்த வகை கார் செகண்ட் ஹேண்டில் வந்தால் ரீமேப் செய்யாததைத் தேடுவதுதான் கஷ்டம். விற்றவர் அதை மறைக்கவும் இல்லை. அவர் சொல்லாமல் விட்டது வேறொன்று.

டாங்கிள் தன் விலையைக் காரைப் பார்க்கப் போன இடத்திலேயே சம்பாதித்துவிட்டது. கோவையில் ஒரு பழைய கார் டீலரின் யார்டில் கார் நின்றது. டேஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கும் இல்லை. 'சிங்கிள் ஓனர் வண்டிங்க, ஒரு குறை சொல்ல முடியாதுங்க' என்றார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் டாங்கிளைச் செருகி, போனில் ஆப்பைத் திறந்தேன். ஃபால்ட் கோட் (கோளாறுக் குறியீடு) எதுவும் இல்லை. பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. அதே ஆப்பில் 'கோட் அழித்த பிறகு ஓடிய தூரம்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 38 கி.மீ. என்று காட்டியது. அதற்குப் பக்கத்திலேயே 'ரெடினஸ் மானிட்டர்' பட்டியல். கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா இல்லையா என்று சொல்வது. புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வெர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார் இரண்டுமே 'முடியவில்லை' என்று நின்றன.

எட்டு வயதுக் காரில் 38 கி.மீ. முன்பு யாரோ கோட் அழித்திருக்கிறார்கள் என்றால், அழிக்க ஏதோ இருந்திருக்கிறது. பேட்டரி மாற்றியதால் இப்படிக் காட்டலாம் என்று டீலர் சொன்னார். சில கார்களில் அது நடக்கக்கூடியதுதான், மறுக்கவில்லை. பேட்டரி மேல் பதித்திருந்த தேதி பழையதாக இருந்தது. அதைக் காட்டினேன். அப்புறம் விலை பேசுவது சுலபமாகிவிட்டது. எவ்வளவு குறைத்தார் என்று இங்கே எழுத வேண்டாம், டாங்கிளைப் போல நூறு வாங்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு, எதிர்பார்த்தபடியே, அழித்தது திரும்பி வந்தது. ஐடிலிங்கில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) ஒன்றுமில்லை. டவுனுக்குள் மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. நீலாம்பூர் பைபாஸில் லாரியை முந்த ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி உதறியது. நாலு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் தோளை உருவிக்கொண்ட மாதிரி. செக் இன்ஜின் விளக்கு மின்னி மின்னி எரிந்தது. இது முக்கியம்: அந்த விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். மின்னினால், எரியாத பெட்ரோல் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதைச் சிதைக்கிற அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது என்று அர்த்தம். உடனே காலை எடுத்துவிட வேண்டும். கன்வெர்ட்டர் விலையைக் கேட்டால் கால் தானாக எழுந்துவிடும்.

ஒரு பட்டறையில் காட்டினேன். ஸ்கேனர் போட்டு, கோட் அழித்து, 'இஞ்செக்டர் போயிருச்சுங்க, நாலையும் மாத்திட்டா தொந்தரவு இருக்காதுங்க' என்றார்கள். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின். அந்த இஞ்செக்டர்களின் விலை சாதாரண கார் மாதிரி இருக்காது. 'எதை வைத்து இஞ்செக்டர்னு சொல்றீங்க?' என்றால் அனுபவத்தை வைத்து என்றார்கள். அனுபவத்தை நான் மதிக்கிறேன், நானும் அதில்தான் பிழைக்கிறேன். கணபதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஆனால் எரிந்த மோட்டார் வந்தால் மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்க்காமல் காயிலைப் பிரிக்க மாட்டேன். அதே மரியாதையை என் காருக்கும் எதிர்பார்த்தேன், அவ்வளவுதான்.

இனி டாங்கிள் செய்த வேலை. முதலில் கோட்: பி0303, கூடவே பி0300. கடைசி இலக்கம்தான் சிலிண்டர் எண். 3 என்றால் மூன்றாவது. 0 என்றால் 'பல சிலிண்டரில், அங்கங்கே'. குறுக்காக வைத்த இந்த இன்ஜினில் செயின் இருக்கும் பக்கம், அதாவது நம் ஊர்க் காரில் டிரைவர் பக்கம், முதல் சிலிண்டர். இதைத் தலைகீழாக எண்ணிவிட்டு நல்ல இக்னிஷன் காயிலைத் (பிளக்குக்குப் பொறி மின்சாரம் கொடுப்பது) தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

கோடைவிட அதனோடு வரும் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' பெரிய விஷயம். கோட் விழுந்த அந்தக் கணத்தில் இன்ஜின் எப்படி இருந்தது என்று ஈசியு குறித்துவைக்கும். என் காரில்: 2,850 ஆர்பிஎம், லோடு 90 சதவீதத்துக்கு மேல், கூலன்ட் 91 டிகிரி. படித்ததும் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. இன்ஜின் சூடாகிவிட்டது, டர்போ முழுசாக அழுத்துகிறது, அப்போதுதான் மிஸ்ஸிங். காற்று உறிஞ்சும் பாதையில் ஓட்டை இருந்தால் ஐடிலிங்கில்தான் அதிகம் உதறும். வால்வில் கார்பன் படிந்தால் காலையில் குளிர்ந்த இன்ஜினில் தெரியும். கம்ப்ரஷன் போயிருந்தால் ஐடிலிங்கிலும் சும்மா இருக்காது. லோடில் மட்டும் விழுந்து எழுகிறது என்றால் முதல் சந்தேகம் தீப்பொறி மேல். பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே காற்று எவ்வளவு நெருக்கமாக அழுத்தப்பட்டிருக்கிறதோ, பொறி தாண்டுவதற்கு அவ்வளவு வோல்டேஜ் வேண்டும். டர்போ அழுத்தம் கூடக் கூட காயிலுக்குச் சுமை ஏறும். ரீமேப் செய்த காரில் இன்னும் ஏறும். பெட்ரோல் அழுத்தம் குறைந்தாலும் லோடில் இழுக்காதுதான், ஆனால் அது நாலு சிலிண்டரையும் சேர்த்துப் பிடிக்கும்.

இங்கே ஒரு கிளைக்கதை. யாரிடம் சொன்னாலும் 'இ20 பெட்ரோல்தான்' (20 சதவீதம் எத்தனால் கலந்தது) என்றார்கள். கடைக்கு வந்த கஸ்டமர், மச்சான், பால்காரர் எல்லாரும். எனக்கும் இ20 மேல் பெரிய பிரியமில்லை. மைலேஜ் குறைவதை என் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் டேங்க் ஒன்றுதான், நாலு சிலிண்டரும் அதே பெட்ரோலைத்தான் குடிக்கின்றன. பெட்ரோல் மேல் பழி போட்டால் நாலும் அழ வேண்டும். மூன்றாவது மட்டும் அழுகிறது. லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் என்று ஆப்பில் பார்த்தால் கலவையை ஈசியு எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று தெரியும். என் காரில் 4 சதவீதம் கூடுதல். அது கவலைப்படுகிற எண்ணே இல்லை. 20-ஐத் தொட்டிருந்தால் வேறு கதை.

இந்த டாங்கிளை வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் திறந்தே பார்க்காத ஒரு பக்கம் இருக்கிறது, மோட் 06. ஒவ்வொரு சிலிண்டரிலும் எத்தனை மிஸ்ஸிங் என்று எண்ணி வைத்திருக்கும் கணக்குப் புத்தகம். நான் பயன்படுத்தும் கார் ஸ்கேனர் ஆப் இதைப் படித்துக் காட்டுகிறது. வெறும் எண்களாகக் காட்டும் ஆப் என்றால் ஏ2 முதல் சிலிண்டர், ஏ3 இரண்டாவது, ஏ4 மூன்றாவது, ஏ5 நான்காவது. ஒவ்வொன்றிலும் இரண்டு வரி: 0பி என்பது கடைசி 10 ஓட்டங்களின் சராசரி, 0சி என்பது இந்த ஓட்டத்தில் மட்டும். கோட் விழுவதற்கு முன்பே இங்கே எண் ஏறத் தொடங்கிவிடும். எல்லாக் காரிலும் எல்லா வரியும் வராது. என் காரில் வந்தது, அதனால்தான் இந்த ரிவ்யூவே.

ஈசியு இதை எப்படி எண்ணுகிறது என்று கேட்டால், கிராங்க் ஷாஃப்டில் 60 பல் இருக்க வேண்டிய சக்கரத்தில் 2 பல் இல்லாமல் இடைவெளி விட்டிருப்பார்கள். சென்சார் ஒவ்வொரு பல்லும் கடக்கும் நேரத்தை அளக்கும். ஒரு சிலிண்டர் வெடித்தால் கிராங்க் துளி வேகம் எடுக்கும், வெடிக்கவில்லை என்றால் துளி தளரும். வெடிக்கும் வரிசை 1-3-4-2 என்பதால் எந்த இடத்தில் தளர்ந்தது என்று பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். மோசமான ரோட்டில் சக்கரம் குதிக்கிற குதியும் கிராங்க் வரை வந்து ஒன்றிரண்டு பொய்க் கணக்கு ஏறலாம். பாதாள சாக்கடைக்குத் தோண்டிய தெருவில் ஓட்டிவிட்டு இந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சரி, சோதனைக்கு வருவோம். எல்லாரும் சொல்லும் வழி: மூன்றாவது காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் போடு, முதலாவதை மூன்றில் போடு. மிஸ்ஸிங் காயிலோடு இடம் மாறினால் காயில் போச்சு. மாறாமல் மூன்றிலேயே நின்றால் பிளக், இஞ்செக்டர், கம்ப்ரஷன் என்று தேடு. இன்ஜின் ஆறிய பிறகு மூடியைத் தூக்கி, காயிலுக்கு ஒரு போல்ட், ஒரு ஒயர் கனெக்டர், கழற்றி மாற்றிப் போட்டேன். மேட்டுப்பாளையம் போய், கோத்தகிரி ரோட்டில் மூன்றாவது கியரில் வைத்து ஏறினேன். ஏற்றத்தில் வேகம் குறைவு, லோடு அதிகம். இந்தச் சோதனைக்கு நெடுஞ்சாலையைவிட மலைப்பாதை நல்லது. ஓரமாக நிறுத்திக் கணக்கைப் பார்த்தால் மூன்றிலும் ஏறியிருந்தது. முதலாவதிலும் ஏறியிருந்தது.

இங்கேதான் பலர் கையை உதறிவிட்டு 'ஈசியு போச்சு' என்பார்கள். இடம் மாறவும் மாறியது, மாறாமலும் நின்றது. டாங்கிள் பொய் சொல்கிறதோ என்று எனக்கும் தோன்றியது. பிளக்கைக் கழற்றியதும் புரிந்துவிட்டது.

மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல், உச்சியிலிருந்து கீழே இரும்பு வரை, பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு கறுப்புக் கீற்று. காயிலின் ரப்பர் பூட்டுக்குள், அதாவது பிளக்கை மூடும் உறைக்குள், டார்ச் அடித்தால் அதற்கு நேரே அதே கீற்று. என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். மோட்டார் டெர்மினல் போர்டில் ஈரமும் தூசும் படிந்து, ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் மேற்பரப்பிலேயே ஊர்ந்து கார்பன் பாதை போட்டுவிடும். ஒரு முறை பாதை விழுந்தால் துடைத்தாலும் போகாது. டிராக்கிங் என்போம். பிளக்கிலும் அதே கதைதான். முனைகளுக்கு நடுவே இடைவெளி அதிகமாகி, உள்ளே அழுத்தமும் ஏறினால், பொறிக்கு உள்ளே தாண்டுவது கடினம். வெளியே பீங்கான் மேலாக வழுக்கி இரும்புக்குப் போவது சுலபம். 20,000 வோல்டுக்கு மேல் வைத்துக்கொண்டு மின்சாரம் சுலபமான வழியைத்தானே எடுக்கும்.

ஆக, பிளக்கிலும் பாதை, பூட்டிலும் பாதை. நல்ல காயிலை மூன்றில் போட்டபோது பிளக்கில் இருந்த பாதை வழியே ஓடியது. கெட்ட பூட்டை முதலாவதில் போட்டபோது அங்கிருந்த நல்ல பிளக்கின் மேலும் வழுக்கத் தொடங்கியது. அதனால்தான் இரண்டிலும் கணக்கு. பிளக் மட்டும் மாற்றினால் பழைய பூட்டு புதுப் பிளக்கைக் கெடுக்கும், காயில் மட்டும் மாற்றினால் பழைய பிளக் புதுக் காயிலைக் கெடுக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றாமல் இது தீராது. இஞ்செக்டருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

இடைவெளியை அளந்தேன்: 0.95 மி.மீ. மற்ற மூன்றும் 0.9-ஐ ஒட்டி இருந்தன, அவற்றின் முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ரீமேப் செய்த இந்த இன்ஜினுக்கு 0.6 முதல் 0.7 வரை வைப்பதுதான் வழக்கம். முன்பு வைத்திருந்தவர் பவரைக் கூட்டினார், பிளக்கைத் தொடவில்லை. ஸ்கோடா கொடுத்தபடியே விட்டிருந்தால் இந்தப் பிளக் இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருக்கும் என்பது என் எண்ணம். இரிடியம் பிளக் என்றால் இடைவெளியைக் குறைக்கும்போது நடு முனையைத் தொடவே கூடாது. ஊசி மாதிரி மெல்லியது, உடைந்துவிடும். பக்கத்துக் கொக்கியை மட்டும் மெல்ல அழுத்தி, கம்பி கேஜால் அளக்க வேண்டும். ஒரு படி குளிர்ந்த (சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும்) பிளக் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: என்ஜிகே பிராண்டில் எண் கூடினால் குளிர்ந்தது, பாஷ் பிராண்டில் எண் குறைந்தால் குளிர்ந்தது. இதில் குழம்பினால் நேரெதிராக வாங்கிவிடுவோம்.

முதல் சிலிண்டரின் பிளக்கிலும் லேசாகக் கீற்று தெரிந்ததால் நாலு பிளக்கும் மாற்றினேன், காயில் ஒன்று. பூட்டுகளைப் பொருத்தும்போது உள்ளே மின்சாரம் கடத்தாத டை-எலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம். மறுபடி கோத்தகிரி ஏற்றம். 0சி வரியில் நாலு சிலிண்டரும் சைபர். 0பி வரியில் மட்டும் மூன்றுக்கு நேரே எண் நின்றது. அது 10 ஓட்டங்களின் சராசரி, மெதுவாகத்தான் இறங்கும். அதைப் பார்த்துவிட்டு 'இன்னும் சரியாகவில்லை' என்று திரும்ப பட்டறைக்கு ஓட வேண்டாம். இப்போது அதுவும் சைபர்.

டாங்கிளின் குறைகள். புளூடூத் இணைப்பு சில நேரம் நடுவழியில் துண்டிக்கும், செருகி எடுத்தால்தான் திரும்ப வரும். ஒரே நேரத்தில் நாலைந்து அளவுக்கு மேல் கேட்டால் ஆமை வேகம். லைவ் கிராஃப் பார்த்து மிஸ்ஸிங்கைப் பிடிக்கலாம் என்று கனவு காண வேண்டாம், எண்ணிக்கையைப் படிக்க மட்டும் இது போதும். நான் வாங்கியது ஆண்ட்ராய்டு போனில் மட்டும் வேலை செய்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் புளூடூத் எல்இ அல்லது வைஃபை வகை என்று பார்த்து வாங்குங்கள். ஓபிடி சாக்கெட்டில் சாவி இல்லாமலேயே பேட்டரி மின்சாரம் வரும், ஆகையால் செருகியே விட்டால் நிறுத்தி வைத்த காரின் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். பாஸ்வேர்டு வேறு 1234. பக்கத்தில் நிற்கும் யாரும் இணைக்கலாம். வேலை முடிந்ததும் பிடுங்கி டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 4 (புகை மாசு விதி) கார்களில் ஓபிடி 2 கட்டாயம் என்பதால் அவற்றில் அடிப்படை வேலைகளுக்குச் சிக்கல் இருக்காது. அதற்கு முந்தைய கார் என்றால் வாங்குவதற்கு முன் யாரிடமாவது ஓசி வாங்கிச் செருகிப் பாருங்கள். நான் முழு மதிப்பெண் கொடுக்காததற்குக் காரணம், இன்ஜினைத் தாண்டி இதற்கு ஒன்றும் தெரியாது. ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ் எதையும் பேசாது. இந்தக் காரின் டிஎஸ்ஜிக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், லெவல் பார்க்கும்போது ஆயில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்த வெப்பநிலையைப் படிக்க விசிடிஎஸ் மாதிரி ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களுக்கான கருவி தேவை, அதன் விலையில் இது போலப் பல டஜன் வரும். சிங்காநல்லூரில் ஒரு நண்பரிடம் அந்தக் கேபிள் இருக்கிறது, அடுத்த மாதம் ஆயில் மாற்றும்போது அவரையும் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறேன்.